விண்டோஸில் மட்டும் இயங்கும் காம் டிஎல்எல்லை லினக்ஸ், மேக் கணினிகளிலிருந்து பைதான் வழியாகப் பயன்படுத்துவது எப்படி?

கேள்வி:
எங்கள் ஆய்வகத்தின் அளவிடும் கருவிக்கு அதன் தயாரிப்பாளர் 32-பிட் காம் டிஎல்எல் (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் விண்டோஸ் நிரல் கோப்பு) ஒன்றை மட்டுமே தந்திருக்கிறார். கருவியோடு இணைந்த கணினியில் விண்டோஸும் பைதானும் 64-பிட். நிரல் எழுதுபவர்களோ உபுண்டுவிலும் மேக்கிலும் வேலை செய்கிறார்கள். விண்டோஸின் பதிவுக் கட்டளையான ரெக்ஸ்வர்32 கொண்டு டிஎல்எல்லைப் பதிவு செய்தபோது வெற்றி என்றே செய்தி வந்தது. ஆயினும் பைதானிலிருந்து விண்டோஸ் வசதிகளை அழைக்க உதவும் பைவின்32 நூலகம் வழியாக அழைத்தால் ‘கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்டு’ (பதிவு செய்யப்படவில்லை) என்ற பிழை வருகிறது. மற்ற கணினிகளில் இம்போர்ட் வரியிலேயே நிரல் நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவான ஒரே நிரலை வைத்துக்கொள்ள வழி உண்டா? விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலும் மேக்கிலும் இயக்கும் வைன் உதவுமா?

பதில் 1:
இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். 32-பிட் டிஎல்எல்லின் பதிவு, விண்டோஸின் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வாவ்6432நோட் என்னும் தனிக் கிளைக்குப் போகிறது. 64-பிட் பைதான் அங்கே தேடுவதில்லை. தேடிக் கண்டுபிடித்தாலும் பயனில்லை, ஏனெனில் 64-பிட் பிராசஸுக்குள் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்) 32-பிட் டிஎல்எல்லை ஏற்ற முடியாது. ஆகவே அந்தக் கணினியில் 32-பிட் பைதானையும் நிறுவி, இந்த வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். டிஎல்எல்லாக இல்லாமல், தானே இயங்கும் இஎக்ஸ்இ கோப்பு வடிவில் அமைந்த காம் சர்வராக இருந்தால் அது தனி பிராசஸாக ஓடும். இந்தத் தொல்லையே இருக்காது.

இரண்டாவது சிக்கலுக்கு, டிஎல்எல்லை லினக்ஸுக்குக் கொண்டுபோக முயல வேண்டாம் என்பதே என் கருத்து. அதை விண்டோஸிலேயே விட்டுவிட்டு, பைதானோடு வரும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வேறு கணினியிலுள்ள நிரலை வலையமைப்பு வழியாக அழைக்கும் முறை) கொண்டு சிறிய சர்வர் ஒன்றை எழுதி, மற்றவர்கள் வலையமைப்பு வழியாக அதை அழைக்கும்படி செய்யுங்கள். காம் பொருள்களை அப்படியே அனுப்ப முடியாது. எண், சரம், பட்டியல் ஆகியவையாக மாற்றியே அனுப்ப வேண்டும். அந்தச் சர்வர் கடவுச்சொல் எதையும் கேட்பதில்லை என்பதால் உள் வலையமைப்புக்கு வெளியே திறந்துவிடாதீர்கள்.

பதில் 2:
வைனுக்குள் விண்டோஸ் பைதானை நிறுவி இத்தகைய டிஎல்எல்லை இயக்குவது சில இடங்களில் நடக்கிறது. ஆனால் கருவி தனக்கென ஒரு விண்டோஸ் யுஎஸ்பி டிரைவரை நம்பியிருந்தால் வைனை நம்ப வேண்டாம். சீரியல் போர்ட் வழியாகப் பேசும் கருவி என்றால் வைன் அந்தப் போர்ட்டை லினக்ஸின் போர்ட்டோடு இணைத்துத் தரும். அந்நிலையில் கட்டளைகளின் விவரம் கையேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் சீரியல் போர்ட்டுக்கான பைதான் நூலகமான பைசீரியலே போதும், டிஎல்எல்லே தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
யுஎஸ்பி டிரைவர்தான், எனவே வைனைக் கைவிடுகிறேன். எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்குப் பதிலாக, வலைச் சர்வர் எழுத உதவும் பைதான் நூலகமான ஃபிளாஸ்க்கைப் பயன்படுத்தலாமா?

பதில் 1:
பயன்படுத்தலாம், ஆனால் ஃபிளாஸ்க் கோரிக்கைகளை வெவ்வேறு திரெட்களில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளில்) கையாளும். காமைப் பயன்படுத்தும் ஒவ்வொரு திரெட்டும் முதலில், காமைத் தொடக்கிவைக்கும் கோஇனிஷியலைஸை அழைத்தாக வேண்டும். ஒரு திரெட்டில் உருவாக்கிய பொருளை இன்னொன்றில் நேரடியாகத் தொடவும் கூடாது. எக்ஸ்எம்எல்-ஆர்பிசியின் எளிய சர்வர் ஒரே திரெட்டில் ஒவ்வொரு கோரிக்கையாக முடிப்பதால், ஒரே ஒரு கருவி உள்ள உங்களுக்கு அதுவே பொருத்தம். பைவின்32-ஐ, நிரலுக்குத் தேவையான நூலகங்களின் பட்டியலில் விண்டோஸுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துவிடுங்கள். அந்த நிபந்தனையில் எழுத வேண்டிய பெயர் 64-பிட் விண்டோஸிலும் ‘வின்32’தான்.