அஃபேசியா: ‘பேச்சிழப்பு’ பொருந்தவில்லை, ‘மொழிக்குலைவு’ சரியா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மூளை பாதிக்கப்பட்டுப் பேசுவதோ மொழியைப் புரிந்துகொள்வதோ கெடும் நிலைதான் அஃபேசியா (aphasia). பலரும் எழுதுவதால் அதற்குப் ‘பேச்சிழப்பு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பக்கவாதம் வந்தபின் என் பெரியப்பா முன்பைவிட அதிகமாகவே பேசினார். டம்ளரை நீட்டி, “இந்தக் குடையை நல்லா ஆத்திக் கொடும்மா” என்பார். குரலின் ஏற்ற இறக்கம் பழையபடியே இருந்தது. நாங்கள் சொல்வதுதான் அவருக்கு எட்டவில்லை. மருத்துவச் சீட்டில் ‘பேச்சிழப்பு’ என்று போட்டிருந்தார்கள். இவர்தான் வாய் ஓயாமல் பேசுகிறாரே, அப்படியானால் புத்திதான் பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

1874இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே விவரித்தது இந்த வகையைத்தான். பெரும்பாலும் மூளையில் இடது காதுப் பக்கமாக உள்ள மடலின் மேற்பகுதியில், பின்புறமாக அடிபட்டால் வருவது. 1861இல் பாரிஸை அடுத்த மருத்துவமனையில் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா பார்த்த லெபோர்ஞ் என்ற நோயாளி இதற்கு நேர்மாறு: சொல்வது ஓரளவு புரியும், வாயிலிருந்து வருவது ‘டான்’ என்ற ஓரசை மட்டும். அவருக்கு மூளையின் இடது முன்மடலின் கீழ்ப்பகுதி பழுது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்றால் ‘பேச்சு’ உதவாது, ‘இழப்பு’ம் உதவாது.

‘முன்மடல் மொழிக்குறை’ என்று மூளையில் பழுதான இடத்தை வைத்துப் பெயரிடும் யோசனையும் வேண்டாமே. பாதுகாத்து வைத்திருந்த லெபோர்ஞின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007இல் வெளியிட்டபோது, பழுது புரோக்கா குறித்த இடத்தைத் தாண்டி உள்ளே வெகு ஆழம் போயிருந்தது தெரிந்தது. இடத்தைப் பற்றிய முடிவு இப்படி மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த நிலைக்குப் புரோக்கா முதலில் வைத்த பெயர் ‘அஃபெமியா’. கிரேக்கத்தில் அது அவப்பெயரைக் குறிக்கும் என்று சொல்லி, 1864இல் பிரெஞ்சு மருத்துவர் துரூசோ ‘அஃபேசியா’ என்று மாற்றினார். நாமும் மாற்றலாம், தப்பில்லை.

என் பரிந்துரை ‘மொழிக்குலைவு’. நிலைகுலைவு, சீர்குலைவு என்று பழகிய சொல்தான். லெபோர்ஞுக்கு வந்ததைச் ‘சொல் திணறும் மொழிக்குலைவு’ என்றும், பெரியப்பாவுக்கு வந்ததைப் ‘பொருள் குழம்பும் மொழிக்குலைவு’ என்றும் பிரிக்கலாம்.

அப்புறம், ‘குழறல்’ என்பதை டிஸ்ஆர்த்ரியா (dysarthria) என்ற வேறொரு பேச்சுக் கோளாறுக்கு விட்டுவிடுவோம். அதில் நாக்கும் உதடும்தான் ஒத்துழைக்காது. கை நன்றாக இருந்தால் நினைத்ததை எழுதிக் காட்டிவிடுவார்கள். பெரியப்பாவிடம் நோட்டைக் கொடுத்தபோது எழுத்தும் அந்தக் குடை மாதிரியேதான் வந்தது.