கங்கைகொண்ட சோழபுரத்தில் கண்டெடுத்த கேமராவை உரியவரிடம் சேர்ப்பது எப்படி?

கொள்ளிடக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தை மாதத் தொடக்கத்தில் குடும்பத்துடன் கங்கைகொண்ட சோழபுரம் சென்றிருந்தபோது, சிங்கமுகக் கிணற்றை அடுத்த புல்தரையில் ஒரு நிக்கான் டிஎஸ்எல்ஆர் கேமரா கிடந்தது. நடை சாத்தும் வரை காத்திருந்தும் யாரும் தேடி வரவில்லை. வாயிற்காவலரிடம் என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அவருடைய சம்மதத்துடன் கேமராவை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்றுவரை அழைப்பு எதுவும் வரவில்லை.

பிறருடைய படங்களைத் துருவிப் பார்ப்பதில் தயக்கம் இருந்ததால், கடைசியாக எடுத்த சிலவற்றை மட்டும் திரையில் பார்த்தேன். பெரும்பாலும் சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தி சிற்பம்தான். சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றும் இறைவனின் விரல்களை மட்டுமே பல கோணங்களில் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட சிறிய அளவுகோல் ஒன்று தெரிகிறது. இவ்வளவு பொறுமையாகப் படமெடுத்தவர் கேமராவைவிட இந்தப் படங்களை இழந்ததற்குத்தான் அதிகம் வருந்துவார் என்று தோன்றுகிறது. அவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொன்னேரி வாசகர்:

கேமராவின் நினைவட்டையில் யாருடைய முகமாவது தெளிவாக இருந்தால் அந்தப் படத்தை முகநூலிலும் வாட்சப் குழுக்களிலும் போட்டுவிடுங்கள். ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் சுற்றி வந்துவிடும்.

கும்பகோணம் வழக்குரைஞர்:

மேலே சொன்ன யோசனை நல்லெண்ணத்தில் பிறந்ததுதான் என்றாலும், நான் அதைக் கடுமையாக மறுக்கிறேன். படத்தில் இருப்பவர் உரிமையாளராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வழியில் தென்பட்ட பெண்ணாகவோ, அடுத்த வீட்டுக் குழந்தையாகவோ இருக்கலாம். அவர்களுடைய முகத்தை ஊரெங்கும் அனுப்பிவைக்க நமக்கு உரிமை கிடையாது. மேலும், பொருளைப் பற்றிய எல்லா விவரங்களையும் வெளியிட்டுவிட்டால், நாளை ஒருவர் வந்து "அது என்னுடையது" என்று சொல்லும்போது அவரைச் சோதிக்க உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

சட்டத்தின் பார்வையில், கண்டெடுத்த பொருளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அந்தக் கணத்திலிருந்து அதைச் சொந்தப் பொருளைப் போல் பத்திரமாகக் காக்கும் கடமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. உரியவரைத் தேடியதற்கும் பொருளைக் காத்ததற்கும் ஆன நியாயமான செலவைப் பெறும் வரை பொருளை நிறுத்திவைத்துக்கொள்ள 168ஆவது பிரிவு இடம் தருகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன், உங்களுக்கு அது தேவைப்படாது என்றாலும். உரியவரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் பொருளைத் தனதாக்கிக்கொண்டால்தான் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 403ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவாக நடைமுறையில் இருக்கிறது.

எனவே முதலில் அந்த ஊர் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில், கண்ட இடம், நேரம், கேமராவின் அடிப்பக்கத்திலுள்ள தொடர் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டுப் பெறுங்கள். கேமராவையும் ஒப்படைக்கச் சொன்னால் அதற்கும் தனியாக ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைத்தவர் காப்பீட்டுக்காகவாவது புகார் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

ஒளியும் இருளும்:

நான் இருபது ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். முதலில் நினைவட்டையை வெளியே எடுத்து, அதன் இடப்பக்க விளிம்பிலுள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். அதன்பின் தவறுதலாகக்கூட எதுவும் அழியாது; படங்களைப் பார்ப்பதற்கும் தடையிராது.

பிறகு கேமராவின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, பதிப்புரிமைத் தகவல் என்னும் இடத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை நிரப்புவதில்லை, நிரப்பியிருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. நிக்கானில் கோப்புப் பெயரின் தொடக்கத்திலுள்ள மூன்று எழுத்துகளை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், 'டி.எஸ்.சி.' என்பதற்குப் பதிலாக வேறு எழுத்துகள் இருந்தால் அவை உரிமையாளரின் முதலெழுத்துகளாக இருக்கக்கூடும். பட்டியல் எந்த மொழியில் இருக்கிறது, நேரமண்டலம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

தொடர் எண்ணைக் கொண்டு இணையத்திலுள்ள படங்களைத் தேடும் தளங்களும் உண்டு. ஆனால் முகநூலும் வாட்சப்பும் படத்துடன் வரும் தகவல்களை நீக்கிவிடுவதால், பிளிக்கர் போன்ற இடங்களில் மூலப்படத்தை ஏற்றியவர்கள் மட்டுமே அதில் அகப்படுவார்கள். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கொள்ளிடக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து ரசீது பெற்றுவிட்டேன். தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு, கேமராவை இப்போதைக்கு என்னிடமே வைத்திருக்கச் சொன்னார்கள்.

பதிப்புரிமைத் தகவலில் பெயர் இல்லை. பட்டியல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் நேரம் பொருந்தவில்லை. கோயில் விமானத்தின் நிழல் நேர் வடக்கே விழும் ஒரு படத்தில் காலை 7:50 என்று பதிவாகியிருக்கிறது. தாராசுரத்துத் தூண்களின் படங்களும் உள்ளன. மண்டபத்தின் உள்ளிருளில் எடுத்திருந்தும், ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100, ஒளி வாங்கும் நேரம் இரண்டு வினாடி என்ற கணக்கில் கத்தி முனைபோல் துல்லியமாக வந்திருக்கின்றன. மரத்தடியில் நிற்கும் ஒரு வாடகைக் காரின் மஞ்சள் பலகையில் 'பி.ஒய்.01' மட்டும் தெரிகிறது. மீதி எண்ணை இலை மறைத்துவிட்டது.

சிற்பவியல் மாணவி:

நீங்கள் சொன்னவற்றில் நேரம், கார், அளவுகோல் ஆகிய மூன்று செய்திகளும் சேர்ந்து ஒரே திசையைக் காட்டுகின்றன. தை மாதத்தில் அங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12:20 மணிக்கு. கேமரா அதை 7:50 என்று காட்டினால் நம் நேரத்துக்கு நான்கரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. குளிர்காலத்தில் பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளின் நேரம் அதுதான். வந்தவர் தம் ஊர் நேரத்தை மாற்றாமலே படமெடுத்திருக்கிறார். காரோ புதுச்சேரிப் பதிவு. அளவுகோல் வைத்துச் சிற்பத்தைப் படமெடுப்பவர் சுற்றுலாப் பயணியாக இருக்க வாய்ப்பு குறைவு. நாங்களும் ஆவணப்படுத்தும்போது அப்படித்தான் செய்வோம். ஆகவே 1955 முதல் புதுச்சேரியில் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும், அங்கேயே உள்ள தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளிக்கும் இன்றே எழுதுங்கள். கோயிற்கலை ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து வருபவர்களில் பலர் அங்குள்ள நூலகத்துக்கும் நிழற்படத் தொகுப்புக்கும் போகாமல் இருப்பதில்லை.

இன்னொரு வழி இதைவிட உறுதியானது. இரண்டு வினாடிப் படம் இவ்வளவு துல்லியமாக வரவேண்டுமானால் கேமரா முக்காலியில் நின்றிருக்கவேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இத்தகைய கோயில்களில் முக்காலி வைக்க முன் அனுமதி பெற வேண்டும் என்பதால், விண்ணப்பமும் அதில் பெயரும் முகவரியும் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்தில் இருக்கக்கூடும். அந்த விவரங்களை உங்களிடம் தரும்படி கேட்காதீர்கள். தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கும்படி மட்டும் கேளுங்கள். படங்களின் தேதிகளைக் குறிப்பிட்டால் அவர்களுக்குத் தேடுவது எளிது.

யாருக்கு எழுதினாலும், தாராசுரத்துப் படங்களைப் பற்றியும், சண்டேசர் சிற்பத்தில் விரல்களை மட்டும் எடுத்திருப்பதைப் பற்றியும் வாய் திறக்காதீர்கள். இங்கே எழுதிய பதிவிலும் அவற்றை நீக்கிவிடும்படி நெறியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான உரிமையாளர் அவற்றைத் தாமாகவே சொல்வார்.

அவர் ஊர் திரும்பியிருந்தால், அடையாளம் உறுதியானதும் முதலில் படங்களின் நகலை இணையவழி அனுப்பிவிடுங்கள்; ஆய்வேட்டுக்கு அவைதான் அவசரம். லித்தியம் பேட்டரியை விமான அஞ்சலில் அனுப்புவதில் கட்டுப்பாடுகள் இருப்பதாலும், பழைய பொருளுக்கும் சுங்கத்தில் கேள்வி வரும் என்பதாலும், கேமராவைப் புதுச்சேரியில் அவர் சொல்லும் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதே நல்லது.

கொள்ளிடக்கரை:

அளவுகோலும் நிழலும் இவ்வளவு சொல்லும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை, அம்மா. புதுச்சேரிக்கு இரண்டு கடிதங்களும் திருச்சிக்கு ஒன்றும் இன்று மாலையே அனுப்புகிறேன். நெறியாளர் அவர்களே, என் பதிவுகளில் சிற்பத்தைப் பற்றியும் தாராசுரத்தைப் பற்றியும் உள்ள வரிகளையும், மற்றவர்களின் பதில்களில் அவற்றைக் குறிப்பிடும் இடங்களையும் நீக்கி உதவுங்கள்.