பழைய நிரலைச் சுத்தம் செய்யப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்):
எங்கள் தோட்டத்துக் கோயிலில் உபயக் கணக்குக்கு ஒரு திறமூல மென்பொருள் ஓடுகிறது. எழுதியது பைத்தான் 2 மொழியில், திரைக்கு பைக்யூட் 4 நூலகம். 2020 ஜனவரியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். சரி, ரீஃபாக்டர், அதாவது நடத்தை மாறாமல் நிரலைச் சீரமைப்பது, தொடங்கியது. வெளிநாட்டுப் பங்களிப்பாளர் ஒருவர் "இது எதுவுமே செய்யவில்லை" என்று ஒரு சின்னச் செயற்கூற்றை (ஃபங்ஷனை) தூக்கினார். தானாக ஓடும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. மாற்றம் மெர்ஜ் ஆகி முதன்மை நிரலில் சேர்ந்துவிட்டது.

திருவிழாவுக்கு முன் எங்கள் செயலாளர், பழைய தோட்டக் கிராணி (எழுத்தர்), பட்டியலில் கோவிந்தசாமி என்ற பெயரைத் தேடினார். வரவில்லை. முனியம்மா என்று அடித்தால் வருகிறது. திரையை என் பக்கம் திருப்பி, "தம்பி, வருசா வருசம் உபயம் கட்டுற மனுசனை எங்கப்பா தூக்கிப் போட்டீங்க?" என்றார். அந்த மனுசன் மேசைக்கு எதிரே நோட்டை நீட்டியபடி நின்றுகொண்டிருக்கிறார்!

கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவே வரலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். பார்க்க ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. எங்கள் பழைய பதிவுகள் பிரிந்த வகை, விசைப்பலகை தருவது சேர்ந்த வகை. தூக்கிய செயற்கூறு இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தால் அது உண்மையிலேயே ஒன்றும் செய்யாதுதான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கூலிம்காரி:
தூக்கியவர் மேல் என்ன தப்பு? தமிழ்ப் பெயரில் ஒரு டெஸ்ட் எழுதி வைக்காதது யார்? என் கதை சின்னது: சேமி பொத்தானைத் தொட்டால் ரசீது அச்சாகும் ஒரு நிரல், ஏனென்று ஆரம்பித்தவருக்கே நினைவில்லை. அதனால் சொல்கிறேன், கை வைக்கும் முன் இப்போதைய நடத்தையை அப்படியே பிடிக்கும் டெஸ்ட் எழுதுங்கள், தப்பாக நடந்தாலும் சரி. ஒவ்வொரு வரியின் வரலாற்றையும் காட்டும் கிட் பிளேம் கட்டளையில் அந்த வரி எப்போது, எதற்காக வந்தது என்று பாருங்கள். பொத்தானுக்குள் இருக்கும் கணக்கைத் தனியே எடுங்கள், திரை இல்லாமலே சோதிக்கலாம். பெயர் மாற்றுவதையும் நடத்தை மாற்றுவதையும் ஒரே கமிட்டில் (ஒரு தடவை பதியும் மாற்றத்தில்) கலக்காதீர்கள். சின்னச் சின்னதாக மெர்ஜ் செய்யுங்கள். அப்புறம்...

செம்பனைக்காடு:
அக்கா, சின்னச் சின்னதாகவா? திரைக்கான நூலகமே மாறும்போது பாதி ஜன்னல் பழையது, பாதி புதியது என்று ஒரே செயலியில் ஓட்ட முடியாது. ஜிடிகே 3 என்ற திரை நூலகம் வந்தது 2011-இல். படம் திருத்தும் கிம்ப் மென்பொருள் அதற்கு மாறி 3.0 வெளியானது 2025 மார்ச்சில். அவர்களுக்கு டெஸ்ட் எழுதத் தெரியாதா என்ன? நான் செம்பனைக் குலை எடை போடும் செயலியை அப்படி மாற்றப் போனேன். கிளையில், அதாவது என் தனிப் பிரதியில், நான் பாதி முடிப்பதற்குள் முதன்மைப் பிரதியான மெயினில் நாலு பேர் அதே கோப்பைத் திருத்திவிட்டார்கள். என் மாற்றங்களை அதன் மேல் ஏற்ற ரீபேஸ் போட்டதும் திரை முழுக்க மோதல் குறிகள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தேத்தண்ணீர் ஆறிப்போனது.

கூலிம்காரி:
கணக்கை முதலில் திரையிலிருந்து பிரித்திருந்தால் இவ்வளவு மோதல் வந்திருக்காது. மறுபடியும் அதைத்தான் சொல்வேன்.

லயத்துப்பையன்:
அக்கா, நான் கேட்டது அனுபவம்!