மறு: ஏஜென்ட் என்பதற்கு ‘முகவர்’ சரிதானா?

வணக்கம்.

சமூக ஊடாட்டங்களைக் கணினியில் மாதிரியாக்குவது பற்றிய என் கட்டுரையில் ‘ஏஜென்ட்-பேஸ்டு மாடல்’ என்பதை ‘முகவர்சார் மாதிரி’ என்று எழுதியதை இந்த இழையில் கேள்வி கேட்டிருந்தீர்கள். நியாயம்தான், எழுதும்போதே உறுத்தியது. முகவர் என்பவர் இன்னொருவர் சார்பில் காரியம் பார்ப்பவர்: காப்பீட்டு முகவர், தேர்தல் முகவர். மாதிரிக்குள் ஒரு ஆளாகவோ பறவையாகவோ நின்று, விதிப்படி இயங்கும் ஏஜென்ட்டுக்கோ மேலே ஆள் கிடையாது. அக்கம்பக்கம் பார்த்துத் தானே முடிவெடுக்கும்.

பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட குடியிருப்புப் பிரிவினை மாதிரி நினைவிருக்கும். கணினி இல்லாமல், கட்டங்களில் இரு வகைக் காசுகளை நகர்த்தியே அதைச் செய்து பார்க்கலாம். அண்டையில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருக்கட்டும் என்பதுதான் ஒவ்வொரு காசின் விருப்பம். இல்லாவிட்டால் இடம் மாறும். இவ்வளவு சின்ன விருப்பத்துக்கே சில சுற்றுகளில் பலகை திட்டுத் திட்டாகப் பிரிந்துவிடும். பிரியச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. அதில் எந்தக் காசு யாருக்கு முகவர்?

அப்புறம், திணைச் சிக்கல். கணினி வரைகலை வல்லுநர் கிரெய்க் ரெனால்ட்ஸின் 1987 மாதிரியில் ஏஜென்ட்டுகள் கூட்டமாகப் பறக்கும் பறவைகள். ‘முகவர் பறந்தார்’ என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் சொன்ன ‘செயலி’ கைப்பேசிக்குப் போய்விட்டது. ‘செயலர்’ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ‘இயங்கி’ பரவாயில்லை, ஆனால் மோட்டார் ஞாபகம் வருகிறது.

என் முன்மொழிவு ‘வினைமுதல்’. மூன்றாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் தரும் பொருள்களில் வினைமுதலும் கருவியும் உண்டு. ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்பதில் தச்சன் வினைமுதல். ‘உளியால் செதுக்கினான்’ என்பதில் உளி கருவி. நமக்கு வேண்டியதும் இந்த வேறுபாடுதான். முகவர், பாதி உளி. ஆள், பறவை, காசு எதுவானாலும் ‘வினைமுதல்’ பொருந்தும். இலக்கண வகுப்பு வாடை அடிக்கிறது என்பீர்கள். அடிக்கட்டும், பழகிவிடும்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘ஒரே வினைமுதல் பணியிடத்தில் ஒரு விதியையும் வீட்டில் வேறு விதியையும் பின்பற்றும்.’ சொல் நிற்கிறது. ஆனால் அடுத்த வரியில் மாட்டிக்கொண்டேன். வினைமுதல் நடமாடும் கட்டங்களும் ‘சூழல்’, வீடா பணியிடமா என்பதும் ‘சூழல்’. இடம் பொருள் ஏவல் என்று பேச்சில் பிரிக்கத் தெரிந்த நமக்கு இங்கே ஒரே சொல்தானா? முதலாவதற்குக் ‘களம்’, இரண்டாவதற்குச் ‘சூழமைவு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ‘சூழமைவு’ எனக்கே முழுத் திருப்தி இல்லை. எளிய சொல் இருந்தால் எழுதுங்கள்.