33 வாரத்தில் பிரசவம், அது வலி என்றே எனக்குத் தெரியவில்லை

குட்டிமீன்:
முதல் குழந்தை. 33 வாரம் 2 நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை மாலையிலிருந்து இடுப்பு பிடித்துப் பிடித்து விட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை, அதனால் சூட்டு வலிதான் என்று நானே முடிவு செய்துகொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி 2 மணிக்குப் படுக்கை நனைந்தது. சிறுநீர் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு உடை மாற்றினேன், மாற்றியதும் மறுபடி நனைந்தது, அப்போதுதான் உறைத்தது பனிக்குடம் என்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்துவிட்டதாம். குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு ஊசி போட்டார்கள், அடுத்தது 24 மணி நேரம் கழித்து என்றார்கள், அவன் 11 மணி நேரத்திலேயே வந்துவிட்டான். 1.9 கிலோ. ஒரே ஒரு அழுகை, அப்புறம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று ஆறாவது நாள். அவன் என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு), நான் வீட்டில். மாலையே போயிருந்தால் வலியை நிறுத்தியிருக்கலாமா? மூக்கில் ட்யூப் வைத்துத்தான் பால் தருகிறார்கள், வாயில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறான். இதெல்லாம் சாதாரணமா?

நடுராத்திரி:
என் மகன் 31 வாரத்தில் பிறந்தவன், இப்போது நாலு வயசு. எனக்கும் வயிறு வலிக்கவே இல்லை, முதுகுதான். அதைப் பிரசவ வலி என்று முதல் தடவையில் எப்படித் தெரியும் சொல்லுங்கள்?

ட்யூபைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது, மூன்றையும் கோர்வையாகச் செய்ய 34 வாரம் பக்கத்தில்தான் அவர்களுக்கு வரும். நீங்கள் எண்ண வேண்டியது பிறந்த நாளிலிருந்து இல்லை, அவன் இப்போது எத்தனையாவது வாரத்தில் இருக்கிறான் என்பதை. வளர்ச்சி பார்க்கும்போதும் இரண்டு வயசு வரை அப்படித்தான் கணக்குப் போடச் சொன்னார்கள். எங்கள் பையன் குப்புற விழ எட்டு மாதம் ஆச்சு, கணக்குப் போட்டால் ஆறு. நான் அழுததெல்லாம் வீண்.

வேப்பிலை:
தப்பாக எடுத்துக்காதீங்க, கடைசி மாதங்களில் முழு ரெஸ்டில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. என் அக்காவைப் படுக்கையை விட்டே இறங்க விடவில்லை.

ஷிஃப்ட்_முடிஞ்சது:
பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வேப்பிலை, அது சரி இல்லை. படுத்தே கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ரொம்ப நாள் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். துணி மடித்ததால் யாருக்கும் பனிக்குடம் உடையாது.

குட்டிமீன், வலியை நிறுத்தும் மாத்திரைகள் உண்டு. ஆனால் அவை மாதக்கணக்கில் தள்ளிப்போடாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான், அதுவும் நுரையீரல் ஊசி வேலை செய்ய நேரம் கிடைப்பதற்காக. பனிக்குடம் உடைந்து 4 செ.மீ. ஆன பிறகு நிறுத்தப் பார்ப்பது பல நேரம் பலிக்காது, தொற்று இருந்தால் செய்யவும் கூடாது. மாலையே வந்திருந்தால் ஊசிக்கு இன்னும் சில மணி நேரம் கிடைத்திருக்கும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிரசவமே நின்றிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் சீக்கிரம் வந்தது என்பதற்குப் பாதிப் பேருக்குக் காரணமே கிடைப்பதில்லை. அந்த ஒரு டோஸும் வீண் இல்லை.

படிக்கிற மற்றவர்களுக்கு: சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும், தண்ணீர் குடித்துப் புரண்டு படுத்தால் அடங்கிவிடும். விட்டு விட்டு ஒரே இடைவெளியில் வந்தால், இடுப்பில் மட்டும் என்றாலும், 37 வாரத்துக்கு முன்னால் என்றால் உடனே கிளம்புங்கள். அடிவயிறு கீழே அழுத்துவது, நீர் கசிவது, ரத்தம், குழந்தை அசைவு குறைவது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பினால் எங்களுக்கு அதில் ஒரு சலிப்பும் இல்லை.

குட்டிமீன், அடுத்த முறை கர்ப்பம் உறுதியானதுமே இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்துகொண்டே வருவார்கள்.

நடுராத்திரி:
ஒன்று விட்டுப்போச்சு. மானிட்டர் கத்தும். இந்தக் குழந்தைகள் தூக்கத்தில் சில நொடி மூச்சு விட மறந்துவிடுவார்கள், நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டினதும் ஞாபகம் வந்த மாதிரி இழுப்பான். அதற்குக் காஃபீன் மருந்துகூடக் கொடுத்தார்கள், பிறந்த வாரமே காப்பியா என்று அவன் அப்பா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குட்டிமீன்:
எல்லோருக்கும் நன்றி. சில மணி நேரம் கிடைத்திருக்கும் என்ற வரியை நாலு தடவை படித்தேன். உண்மையைச் சொன்னதே போதும்.

இன்று முதல் முறையாக நெஞ்சோடு வைத்துக் கட்டிவிட்டார்கள். முதுகெல்லாம் பூனை முடி. 40 நிமிடம் மானிட்டர் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இன்னொரு சந்தேகம், இரண்டு பக்கமும் சேர்த்துப் பம்ப் செய்தால் 20 மில்லிதான் வருகிறது, போதுமா?

ஷிஃப்ட்_முடிஞ்சது:
இப்போது அவன் ஒரு வேளைக்குக் குடிப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும், வார்டில் எத்தனை மில்லி ஏற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு தடவை, அதில் ஒன்று ராத்திரியில். நெஞ்சில் வைத்து எடுத்ததும் பம்ப் செய்து பாருங்கள், அப்போது கூடுதலாக வரும்.