டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ், முதல் அங்கம்: பழியைத் தொடங்கி வைத்தது யார்?

கூத்தன்:
ஷேக்ஸ்பியரின் இந்த நாடகம் என்றாலே, பழிவாங்குபவள் என்று கோத்தியர்களின் அரசி டமோராவைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள். முதல் அங்கத்தை மட்டும் படியுங்கள். கோத்தியர்களோடு பத்தாண்டு போரிட்டு ரோமுக்குத் திரும்புகிறான் ரோமானியத் தளபதி டைட்டஸ். 25 மகன்களில் 21 பேர் போரில் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பலியாக, கோத்தியக் கைதிகளில் மிகச் செருக்குள்ளவனை டைட்டஸின் மகன் லூசியஸ் கேட்கிறான். டைட்டஸ் கொடுப்பது சிறைப்பட்ட டமோராவின் மூத்த மகன் அலார்பஸை. உன் பிள்ளைகள் உனக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும் என் பிள்ளை என்று டமோரா மண்டியிட்டு அழுகிறாள். டைட்டஸ் இளகவில்லை. கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

நூலகப்பூனை:
இல்லை சார். செத்தவர்களின் ஆவி அலையக்கூடாது என்று செய்யும் சடங்கு அது. டைட்டஸுக்கு அலார்பஸ்மேல் கோபமே கிடையாது. பழி என்ற பேச்சை முதலில் எடுப்பது டமோராவின் மகன் டெமெட்ரியஸ். டிராய் அரசி ஹெக்குபா தன் மகனைக் கொன்றவனைப் பழிதீர்த்த கதையைச் சொல்லித்தான் அம்மாவைத் தேற்றுகிறான்.

கூத்தன்:
சரி, சடங்கு. முட்டியஸ் செத்தது எந்தச் சடங்கில்? தங்கை லவினியாவை அவள் காதலனோடு போகவிட வழிமறித்தான் என்று பெற்ற மகனையே டைட்டஸ் வெட்டுகிறான். 500 ஆண்டுக் குடும்பக் கல்லறையில் இடமும் தரமாட்டேன் என்கிறான். தம்பி மார்க்கஸும் மகன்களும் மண்டியிட்டதும் இறங்கி வருகிறான். அப்படியானால் மண்டியிட்டால் மனம் மாறத் தெரிந்தவன்தான். டமோராவுக்கு மட்டும் மாறவில்லை.

செண்பகா:
ரெண்டு பேரும் செத்துப்போன பேரரசரோட மூத்த மகன் சட்டர்னினஸை மறந்துட்டீங்க. அரியணைப் போட்டியில டைட்டஸையே நிக்கச் சொல்றாங்க. அவர் மறுத்துட்டு, மூத்தவன்ங்கிற ஒரே காரணத்துக்காக சட்டர்னினஸைக் கை காட்டறார். லவினியா கிடைக்கலைன்னதும் அவன் டமோராவைக் கட்டிக்கிறான். காலையில கைதி, அதே காட்சி முடியறதுக்குள்ள பேரரசி! அலார்பஸ் செத்தது மட்டும்னா அவ அழுதுட்டே இருந்திருப்பா. பழிவாங்க அதிகாரம் வேணும்ல? அதையும் டைட்டஸே கொண்டுபோய்க் கொடுத்தார்.

நூலகப்பூனை:
இன்னொன்று. 1594 முதல் பதிப்பில், பலி ஏற்கெனவே முடிந்துவிட்டதாக மார்க்கஸ் பேசும் வரிகள் இருக்கின்றன. பிறகு மேடையிலேயே பலி கேட்கிறார்கள்! அடுத்த பதிப்புகளில் அந்த வரிகள் இல்லை. அந்த முதல் பதிப்பில் எஞ்சிய ஒரே பிரதி 1904இல் சுவீடனில் கிடைத்தது. முதல் அங்கம் ஷேக்ஸ்பியர் காலத்து இன்னொரு நாடக ஆசிரியர் ஜார்ஜ் பீல் எழுதியது என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர். பழியின் வேர் என்று நீங்கள் சொல்லும் பலிக் காட்சியே பிற்பாடு ஒட்டிய ஒட்டாக இருக்கலாம்.

கூத்தன்:
ஒட்டாகவே இருக்கட்டும். ஏன் ஒட்டினார்கள்? அலார்பஸ் காட்சி இல்லாவிட்டால் டமோராவின் வெறுப்புக்குக் காலே இல்லை.

செண்பகா:
அவ சட்டர்னினஸ் காதுல சொல்றதைப் படிங்க. தெருவுல ஒரு அரசியை மண்டியிட வெச்சா என்ன ஆகும்னு காட்டறேங்கிறா. பிள்ளை போனதோட அந்த அவமானமும் சேர்ந்துதான் எரியுது.

நூலகப்பூனை:
அதே பேச்சில் குடும்பத்தையே அழிப்பேன் என்கிறாளே! 21 பேரை இழந்தவர்கள் கேட்டது ஒருவனை. ஒருவனை இழந்தவள் கேட்பது ஒரு குலத்தையே. இரண்டும் ஒன்றா?

கூத்தன்:
அந்த 21 பேரும் கையில் வாளோடு செத்தவர்கள். அலார்பஸ் கைதியாக நின்றவன். தன் நாட்டுக்காகப் போரிட்டதற்கா என் மகன்களைத் தெருவில் வெட்டுகிறீர்கள் என்று டமோரா கேட்கிறாளே, அதற்கு டைட்டஸிடம் சடங்கைத் தவிர வேறு பதிலே இல்லை.