165இல் 66 கிலோமீட்டர் என்பது 'கொஞ்சம்' பாக்கியா? விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலை

பண்ருட்டிப் பலா:
நேற்று வேறொரு இழையில் தஞ்சைத் தடம் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நாலுவழிச் சாலை முடிந்த மாதிரிதான். பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் பாக்கி. அதுவும் நிலம் கொடுக்க முரண்டு பிடித்தவர்களால்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. மொத்தச் சாலை சுமார் 165 கிலோமீட்டர். மூன்று பிரிவாகப் பிரித்து 2018இல் வேலையை ஆரம்பித்தார்கள். விக்கிரவாண்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை 66, அங்கிருந்து சோழபுரம் வரை 50, சோழபுரத்திலிருந்து தஞ்சாவூர் வரை 48. அந்த முதல் 66தான் எங்களுடையது. 165இல் 66 உங்களுக்குக் கொஞ்சமா? உங்கள் ஐந்து ஏக்கரில் இரண்டு ஏக்கர் போனால் கொஞ்சம்தான் போச்சு என்பீர்களா?

தஞ்சைத் தடம்:
66 முழுதுமா பாக்கி? அங்கங்கே நாலு வழியிலும் வண்டி ஓடுகிறது. பாலங்களும் சில ஊர்ப் பகுதிகளும்தான் முடியாமல் நிற்கின்றன. அதைத்தான் கொஞ்சம் என்றேன். சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பிரிவை 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் திறந்து வைத்தார். செலவு 2,350 கோடிக்கு மேல். கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நாலுவழிப் பாலம், மூன்று புறவழிச் சாலைகள், ஏழு மேம்பாலங்கள். பயணத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம். நடந்ததைப் பார்க்க மாட்டேன், நடக்காததை மட்டும்தான் பார்ப்பேன் என்றால் நான் என்ன செய்வது?

பண்ருட்டிப் பலா:
திறந்தது 50. நான் பேசுவது 66. அங்கங்கே ஓடுவதற்குப் பெயர் சாலை இல்லை. இரண்டு கிலோமீட்டர் நன்றாகப் போவோம். அப்புறம் 'மாற்றுப்பாதை' என்று ஒரு பலகை. பழைய ரோட்டில் இறங்கி, ஜல்லியிலும் குழியிலும் ஆடி ஆடிப் போய் மறுபடி ஏற வேண்டும். ராத்திரியில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் எது தார், எது பள்ளம் என்றே தெரியாது. மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. பலா ஏற்றின வண்டி கோயம்பேட்டுக்கு எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழம் காத்திருக்குமா? கொஞ்சம் என்கிறார்.

வடலூர் வடக்குத்தெரு:
பலா அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் பார்க்க எங்கிருந்தெல்லாமோ சனம் வருகிறது. வாகனத்தில் வருகிறவர்கள் படுகிற பாடு ஒரு பக்கம், பாதயாத்திரையாக வருகிற பெரியவர்கள் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நடக்கிறார்கள். வழியில் நின்ற புளியமரங்களையும் வெட்டியாயிற்று. நிழலும் போச்சு, ரோடும் வரவில்லை.

கீழணைக்காரன்:
புளியமரத்தை வெட்டாமல் எப்படி ஐயா அகலப்படுத்துவது? மரமும் வேண்டும், ரோடும் வேண்டும் என்றால் ஆகாது.

வடலூர் வடக்குத்தெரு:
மரத்தை வெட்டக் கூடாது என்று எங்கே எழுதினேன்? வெட்டின கையோடு ரோட்டைப் போட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். மரம் வெட்டுவதில் இருந்த வேகம் தார் போடுவதில் இல்லை என்கிறேன்.

தஞ்சைத் தடம்:
மரத்தைப் பற்றிப் பேசிப் பேச்சைத் திருப்ப வேண்டாம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஒரே சாலை, ஒரே காலத்தில் ஆரம்பித்த வேலை. எங்கள் பக்கம் முடிந்தது, உங்கள் பக்கம் முடியவில்லை. ஏன்? நாங்கள் நிலத்தைக் கொடுத்தோம். நீங்கள் வழக்கு போட்டீர்கள்.

பண்ருட்டிப் பலா:
இந்தப் பேச்சுக்குத்தான் காத்திருந்தேன். 1956ஆம் வருடத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை ஒரு தடவையாவது எடுத்துப் படித்தீர்களா? நிலம் எடுக்கப் போகிறோம் என்று 3ஏ பிரிவின்படி அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் சொல்ல 21 நாள். அதைக் கேட்டு முடித்து 3டி அறிவிப்பு வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். பட்டா நம் பெயரில் இருந்தாலும் நிலம் நம்முடையது இல்லை. 3இ படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம். அதற்கு முன்னால் இழப்பீட்டை 3எச் படி கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை போதவில்லை என்றால் 3ஜி(5) கீழ் நடுவரிடம் போகலாம், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். அந்த வழக்கு தொகைக்காக. ரோட்டை நிறுத்துவதற்காக இல்லை. நிலம் கொடுக்க மறுக்கும் வசதியே எங்களுக்குக் கிடையாது, எங்கிருந்து முரண்டு பிடிப்பது?

என் கதையையும் சொல்கிறேன். வீட்டு முகப்பில் 14 அடி போயிற்று. அப்பா கட்டின திண்ணை, கிணற்றடி, இரண்டு தென்னை எல்லாம் அதில் இருந்தன. அளந்து கல் நட்ட மறுமாதம் நானே ஆள் வைத்து இடித்துக் கொடுத்தேன். இழப்பீட்டுப் பணம் வாங்க நில எடுப்பு அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கே இல்லை. வில்லங்கச் சான்று கொண்டு வா, வாரிசுச் சான்று கொண்டு வா, சர்வே எண்ணில் உட்பிரிவு தப்பாக இருக்கிறது, போய்த் திருத்திக்கொண்டு வா. இடித்த இடத்தில் இன்றைக்கும் சப்பாத்திக்கள்ளிதான் முளைத்திருக்கிறது. கொடுத்தவனைப் பார்த்துக் கொடுக்காதவன் என்கிறீர்கள்.

ஓய்வு பெற்ற ஓவர்சியர்:
இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். நிலம் ஒரு காரணம். மேடு போட மண் கிடைக்காதது ஒரு காரணம். நாலுவழிச் சாலைக்கு, அதிலும் மேம்பாலத்து அணுகுசாலைக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஏரியில் எடுக்க அனுமதி வேண்டும், அனுமதி வந்தால் ஏரியில் தண்ணீர் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் பிரிவில் ஒப்பந்தத்தையே ரத்து செய்து புதிதாகக் கொடுத்தார்கள். பழையவர் செய்ததை அளந்து கணக்கு முடித்து, மிச்ச வேலைக்கு மதிப்பீடு போட்டு, மறு டெண்டர் விடுவது சாதாரண வேலை இல்லை.

பண்ருட்டிப் பலா:
ஐயா, மண் இல்லை என்பதை மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் நெய்வேலி. நிலக்கரிச் சாம்பலை ரோட்டு மேட்டுக்குப் போடலாம் என்று அரசே சொல்கிறது. ஒப்பந்தக்காரர் மாறினார் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்படியானால் தப்பு எங்கள் தலையில் ஏன் விடிகிறது? தஞ்சைத் தடம் அந்த வரியை எடுக்கட்டும்.

ஓய்வு பெற்ற ஓவர்சியர்:
சாம்பலை அப்படியே கொட்டிவிட முடியாது. சுற்றிலும் மண் மூடாக்கு போட வேண்டும், இல்லையென்றால் மழையில் கரைந்துவிடும். 31 வருடம் இதே வேலை பார்த்தவன் நான்.

பண்ருட்டிப் பலா:
31 வருடம் பார்த்தீர்கள், சரி. எட்டாவது வருடமாக இந்தப் புழுதியை மூக்கில் வாங்குவது நான்.

கீழணைக்காரன்:
பலாவுக்கு ஒன்று சொல்கிறேன். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை மேல் இருக்கும் குறுகலான பாலத்தில் எங்கள் தலைமுறையே ஒருவர் நிற்க ஒருவர் போகப் போனது. கனரக வண்டிக்குத் தடை போட்டபோது ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். அன்றைக்குப் பண்ருட்டியிலிருந்து ஒருவர்கூட எங்களுக்காகப் பேசவில்லை. இன்றைக்குக் கொள்ளிடத்தில் புதுப் பாலம் வந்ததும் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

பண்ருட்டிப் பலா:
உங்கள் பாலத்தைப் பார்த்து எனக்கு என்ன பொறாமை? நல்லா இருங்கள். சென்னையிலிருந்து அந்தப் பாலத்துக்கு வருகிறவன் எங்கள் 66ஐத் தாண்டித்தான் வர வேண்டும். முக்கால் மணி நேரம் மிச்சம் என்கிறார் தஞ்சைத் தடம். அந்த முக்கால் மணியையும் சேர்த்து எங்கள் ஊரில் தொலைத்துவிட்டுத்தான் அங்கே வருகிறார்கள்.

குடந்தை டூ தாம்பரம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மாதம் இரண்டு முறை போகிறேன். இப்போதெல்லாம் உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் வழியாகச் சுற்றிப் போய்விடுகிறேன். தூரம் கூட, ஆனால் இடுப்பு தப்பிக்கிறது.

தஞ்சைத் தடம்:
விருத்தாசலம் வழியை நல்ல வழி என்று சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான். போன வருடம் ரயில் இழையிலும் இப்படித்தான் எதையோ சொல்லிவிட்டுக் காணாமல் போனீர்கள்.

குடந்தை டூ தாம்பரம்:
காணாமல் போகவில்லை, நீங்கள் பதில் சொல்லவில்லை. ரயிலை எடுத்ததே நல்லதாகப் போயிற்று. விழுப்புரம் – மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதை 122 கிலோமீட்டர். 2006இல் மூடினார்கள், 2010இல் அகலப்பாதையில் ரயில் ஓடியது. நாலு வருடம்கூட ஆகவில்லை. அதையே தாமதம் என்று அன்றைக்கு எவ்வளவு போராட்டம்! இங்கே 66 கிலோமீட்டர் ரோடு.

தஞ்சைத் தடம்:
ரயில்வேக்குத் தண்டவாளம் போட நிலம் ஏற்கெனவே இருந்தது. மறுபடியும் நிலத்துக்கே வந்து நிற்கிறீர்கள், பார்த்தீர்களா? நான் சொன்னதும் அதுதான்.

பண்ருட்டிப் பலா:
நிலத்தை எடுத்தாயிற்று என்று சட்டப் பிரிவோடு எழுதியிருக்கிறேன். 3டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை நீங்கள். திரும்பவும் கேட்கிறேன், 165இல் 66 கொஞ்சமா?

தஞ்சைத் தடம்:
பாக்கி இருப்பது 66 இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் எழுதியது எழுதியதுதான்.

வடலூர் வடக்குத்தெரு:
அப்போ எவ்வளவு பாக்கி, அதைச் சொல்லுங்களேன்.

தஞ்சைத் தடம்:
கொஞ்சம்.

பண்ருட்டிப் பலா:
சரி. நாளைக்குக் காலையில் கண்டரக்கோட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை பைக்கில் போகிறேன். தார் இல்லாத ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து, கிலோமீட்டர் எண்ணோடு இதே இழையில் போடுகிறேன். யாரும் பூட்டிவிட வேண்டாம்.

கீழணைக்காரன்:
படம் எடுக்கும்போது தார் இருக்கிற இடத்தையும் எடுங்கள்.